உருவம் மாறும் கடல் நத்தையை டிஎன்ஏ வைத்துப் பிரிப்பது எப்படி: ஊட்டி ஆய்வகத்திலிருந்து ஒரு முழு வழிகாட்டி

மண்டபத்திலோ கன்னியாகுமரியிலோ பாறை மேல் ஒட்டியிருக்கும் நெரிட்டா நத்தைகளை ஒரு கை அள்ளிப் பாருங்கள். ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளைப் பட்டை போட்டது, ஒன்று செம்மண் நிறம், ஒன்றுக்கு வரி புடைத்திருக்கும், ஒன்று வழவழவென்று இருக்கும். இது ஒரு சிற்றினமா, மூன்றா என்று ஓட்டை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. கடலில் எடுத்ததை ஊட்டிக்குக் கொண்டுவந்து, மாணவர்களை வைத்துக்கொண்டு இந்த வேலையை முதலிலிருந்து கடைசிவரை பல முறை செய்திருக்கிறோம். புதிதாக வருபவர்கள் டிஎன்ஏ வேலையில்தான் தடுமாறுவார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பெரும்பாலானவர்கள் அதற்கு முன்னாலேயே, பாறையில் நிற்கும்போதே தவறிவிடுகிறார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் முதல் பாதி ஆய்வகத்துக்கு வெளியே நடக்கிறது, அதைத் தாண்டிக் குதித்து 6-ஆம் பகுதிக்குப் போய்விடாதீர்கள்.

1. முதலில் கேள்வியை எழுதுங்கள்

நத்தையைத் தொடுவதற்கு முன் ஒரு நோட்டில் மூன்று வரி எழுதுங்கள். ஒன்று, எல்லாமே ஒரே சிற்றினம், வடிவம் மட்டும் பல. இரண்டு, வடிவத்துக்கு ஒரு சிற்றினம். மூன்று, பிரிவு உண்டு, ஆனால் நம் கண் கோடு போட்ட இடத்தில் இல்லை. ஒவ்வொன்றும் உண்மையானால் டிஎன்ஏ எப்படி அமையும் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். முடிவு கைக்கு வந்த பிறகு எழுதினால், எது வந்தாலும் "இதைத்தான் எதிர்பார்த்தேன்" என்று மனசு சொல்லிவிடும்.

மூன்றாவது வரியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது மரபில் பெரிதாக இருக்க வேண்டும் என்று இல்லை. வலம்புரிச் சங்கை எடுத்துக்கொள்ளுங்கள். சுருள் அப்படியே எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கிறது, அதைவிடப் பெரிய உருவ மாற்றம் ஓட்டில் கிடையாது. ஆனாலும் அதுவும் சாதாரண இடம்புரிச் சங்கும் ஒரே சிற்றினம், டர்பினெல்லா பைரம். தென்கடலோரத்தில் சங்கு குளிப்பவர்கள் ஜாதிச் சங்கு, பட்டிச் சங்கு என்று இனம் பிரித்துச் சொல்வதும் இதே சங்கைத்தான்.

எழுதி முடித்ததும், இரண்டு பேர் தனித்தனியாக ஓடுகளை வடிவம் பார்த்துக் குழு பிரிக்கப்போகிறீர்கள் என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். அவர்கள் இருவரும் டிஎன்ஏ முடிவைப் பார்த்திருக்கக் கூடாது.

2. அனுமதி

இதை நத்தை எடுத்த பிறகு வாங்க முடியாது, அதனால்தான் இரண்டாவது இடத்தில் வைத்திருக்கிறேன். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே ஒரு வெற்று ஓட்டைக்கூடத் தொடக் கூடாது. பூங்காவுக்கு வெளியிலும் டிரோகஸ், டிரைட்டன், கொம்புத் தலைக்கவசச் சங்கு மாதிரி பல நத்தைகள் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன. உங்கள் நத்தை பட்டியலில் இல்லை என்பதை முதலில் உறுதி செய்யுங்கள்.

திசுவையோ டிஎன்ஏவையோ வெளிநாட்டுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் சென்னையில் உள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். டிஎன்ஏவின் எழுத்து வரிசையைப் படிக்கும் வேலையை நம் நாட்டிலேயே முடித்துக்கொள்வது எளிது.

3. எங்கிருந்து, எத்தனை எடுப்பது

இந்த வேலையின் உயிர் இந்தப் படிதான். இங்கே தவறினால் பின்னால் எவ்வளவு நல்ல வரிசை வந்தாலும் கேள்விக்குப் பதில் கிடைக்காது.

வழக்கமாக என்ன நடக்கிறது? கறுப்பு வடிவத்தை மண்டபத்தில் எடுக்கிறார்கள், பட்டை வடிவத்தைக் கன்னியாகுமரியில் எடுக்கிறார்கள், ஏனென்றால் அங்கங்கே அது அதிகமாகக் கிடைத்தது. டிஎன்ஏ வித்தியாசமாக வருகிறது. சரி, அந்த வித்தியாசம் வடிவத்தால் வந்ததா, ஊரால் வந்ததா? சொல்ல வழியே இல்லை. ஒரு குழு இரண்டு மாத உழைப்பை இப்படி இழந்ததைப் பார்த்த பிறகு, இந்த விதியைச் சுவரிலேயே எழுதி வைத்துவிட்டோம்: இரண்டு வடிவமும் ஒரே பாறையில் கலந்து வாழும் இடத்தைத் தேடு, இரண்டையும் அங்கேயே எடு.

காரணம் இதுதான். ஒரே பாறையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு வடிவங்கள், இனச்சேர்க்கைக்கு வாய்ப்பு இருந்தும் கூடாமல் தனித்தனியாகவே இருந்தால் அது வலுவான சான்று. தூரத்தில் இருப்பவை வேறுபடுவதற்குத் தூரமே போதும். நெரிட்டாவிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. 2008-இல் வந்த ஓர் ஆய்வில் நெரிட்டா அல்பிசில்லா இந்தியப் பெருங்கடலுக்கும் பசிபிக்குக்கும் இடையில் மரபில் தெளிவாகப் பிரிந்திருந்தது. நெரிட்டா பிளிகேட்டாவில் அப்படி ஒரு பிரிவே தெரியவில்லை. ஒரே பேரினம், இரண்டுக்குமே கடலில் மிதந்து போகும் லார்வா உண்டு, இருந்தும் தூரம் இரண்டையும் வேறு வேறு விதமாகப் பாதித்திருக்கிறது.

உங்கள் நத்தையின் குஞ்சு எப்படிப் பரவுகிறது என்பதையும் முன்கூட்டியே படித்துவிட்டுப் போங்கள். அட்லாண்டிக் கரைகளில் லிட்டோரினா சாக்சடிலிஸ் என்று ஒரு சின்ன நத்தை. அது குட்டி போடும், குட்டி பிறந்த பாறையை விட்டு அதிக தூரம் போகாது. அதனால் அலை அடிக்கும் பாறையில் ஓடு சிறியது, மெல்லியது, வாய் அகலம். நண்டு நடமாடும் கல்லிடுக்கில் ஓடு பெரியது, தடிமன். ஒவ்வொரு கரையிலும் ஒவ்வோர் உருவம் கண்டு, அந்த ஒரே சிற்றினத்துக்கு நூறுக்கும் மேற்பட்ட பெயர்களை வைத்துவிட்டார்கள். லார்வா மிதந்து போகும் நத்தையில் ஊருக்கு ஊர் மரபு வித்தியாசம் குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். குட்டி போடும் நத்தையில் பக்கத்துப் பாறைக்கே வித்தியாசம் தெரியலாம். எத்தனை இடத்தில் எடுக்க வேண்டும் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது.

எண்ணிக்கையைப் பொறுத்தவரை நாங்கள் வைத்திருக்கும் கணக்கு: கலந்து வாழும் ஒரு பாறையிலிருந்து வடிவத்துக்கு 20, அப்புறம் தள்ளி இருக்கும் இரண்டு இடங்களிலிருந்து வடிவத்துக்கு 8 அல்லது 10. இரண்டுக்கும் நடுவான உருவம் கிடைத்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள், "குழப்பமா இருக்கு" என்று மாணவர்கள் திரும்பக் கடலில் விட்டுவிடுகிற அந்த நத்தைதான் நமக்கு மிகவும் வேண்டியது.

4. கடற்கரையிலேயே முடிக்க வேண்டியவை

வரிசை முக்கியம்: எண், படம், திசு. எண் இல்லாமல் எடுத்த படம் பயன்படாது.

ஒவ்வொரு நத்தைக்கும் ஓர் எண். எண்ணைப் பென்சிலால் தடித்த தாளில் எழுதிக் குழாய்க்கு உள்ளேயே போடுங்கள். குழாய்க்கு வெளியே மார்க்கர் பேனாவால் எழுதியதை எத்தனால் ஒரு சொட்டு கசிந்தாலே அழித்துவிடும். படத்தில் ஓட்டின் முதுகு, வாய், வாய் மூடி மூன்றும் தெரிய வேண்டும், பக்கத்தில் அளவுகோல் இருக்க வேண்டும். எத்தனாலில் சில மாதம் கிடந்தால் உடம்பின் நிறம் போய்விடும், பிறகு படம் ஒன்றுதான் சாட்சி.

அடுத்து, மூடி. நெரிட்டாவுக்குச் சுண்ணாம்பு மூடி. உயிரோடு எத்தனாலில் போட்டால் உள்ளே இழுத்துக்கொண்டு கதவை அடைத்துவிடும், எத்தனால் உள்ளே போகாது, வெளியே பார்த்தால் நன்றாக இருக்கும், உள்ளே சதை அழுகியிருக்கும். இரண்டு வழி உண்டு. ஒன்று, 7.5% மக்னீசியம் குளோரைடு கரைசலையும் கடல்நீரையும் சரிபாதி கலந்து, அதில் நத்தையைத் தளரவிட்டு, வெளியே நீண்டிருக்கும் பாதத்தில் ஒரு துண்டு வெட்டுவது. இரண்டு, கொதிக்கும் பதத்தில் இருக்கும் நீரில் சில நொடிகள் மட்டும் முக்கி, கொக்கி ஊசியால் உடலைத் திருகி வெளியே எடுப்பது. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். வேகம், ஓடும் உடையாது. ஆனால் முக்கும் நேரம் நீண்டால் டிஎன்ஏ கெடும், அதனால் ஒவ்வொன்றாகச் செய்யுங்கள், பத்தை ஒரே பாத்திரத்தில் கொட்டாதீர்கள்.

திசு பாதத் தசையிலிருந்து, ஓர் அரிசி மணி அளவு போதும். கரும்பச்சையாக இருக்கும் சீரணச் சுரப்பியையும் குடலையும் தொடாதீர்கள், அதில் அது தின்ற பாசியின் டிஎன்ஏவும் இருக்கும். திசுவைப் போல் பத்து மடங்கு எத்தனால் ஊற்றுங்கள், 95 சதவீதத்துக்குக் குறையாமல். மறுநாள் அதைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள், ஏனென்றால் சதையிலிருந்து வரும் தண்ணீர் முதல் நாள் எத்தனாலை நீர்க்க வைத்துவிடும். ஃபார்மலின் கூடவே கூடாது. மருந்துக்கடை ஸ்பிரிட்டும் வேண்டாம். தூய எத்தனால் கல்லூரி வழியாக அனுமதியோடு வாங்கும் பொருள், அதற்கு நாளாகும், பயணத் தேதி குறிப்பதற்கு முன்பே எழுதிப் போடுங்கள்.

5. மலை ஏற்றுவது

சமவெளிக்காரர்களுக்கு இந்தப் பகுதி வேண்டாம். நமக்கு வேண்டும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், கடலோரத்தைவிடக் காற்றழுத்தம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு. கடற்கரையில் இறுக்கி மூடிய குழாய்க்குள் இருக்கும் காற்று மேலே வர வர விரிந்து மூடியைத் தள்ளும். அழுத்தி மூடும் சின்னக் குழாய்களில் கொண்டுவந்தபோது குன்னூர் தாண்டுவதற்குள் பையெல்லாம் எத்தனால் வாடை. திறந்து பார்த்தால் பாதிக் குழாய் வறண்டிருந்தது.

ரப்பர் வளையம் உள்ள திருகு மூடிக் குழாய் வாங்குங்கள், காற்றுக்கு இடம் விடாமல் நிரப்புங்கள், குன்னூரில் வண்டி நிற்கும்போது ஒரு முறை மூடிகளைத் தளர்த்தித் திரும்ப இறுக்குங்கள்.

6. டிஎன்ஏ எடுப்பது

நத்தையின் பிரச்சினை கோழை. அதில் உள்ள சர்க்கரைப் பொருள்கள் டிஎன்ஏவோடு ஒட்டிக்கொண்டே கடைசிவரை வந்து, பிசிஆரில், அதாவது டிஎன்ஏ துண்டைப் பல மடங்கு நகலெடுக்கும் படியில், நொதியை வேலை செய்ய விடாமல் தடுக்கும். ரத்தத்துக்கும் மீனுக்கும் பழகிய எளிய முறைகள் இங்கே கைவிடுவது அதனால்தான். சிடிஏபி என்ற சோப்பு வகை வேதிப்பொருளை வைத்துச் செய்யும் முறையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதிக உப்பு இருக்கும்போது சிடிஏபி அந்தச் சர்க்கரைகளைப் பிடித்துக்கொள்ளும், டிஎன்ஏ கரைசலில் தங்கும்.

திசுவை எத்தனாலிலிருந்து எடுத்துத் தாளில் ஒற்றி, பொடியாக நறுக்குங்கள். 2% சிடிஏபி, 1.4 மோலார் சாதாரண உப்பு, டிரிஸ், இடிடிஏ சேர்ந்த கரைசலில் போட்டு, சிறிது மெர்காப்டோஎத்தனாலும் புரோட்டினேஸ் கே நொதியும் சேர்த்து, 56 முதல் 60 டிகிரியில் இரவு முழுக்க வையுங்கள். காலையில் குளோரோஃபார்ம் கலவையால் இரண்டு முறை பிரித்து, மேல் நீரை மட்டும் எடுத்து, ஐசோபுரோப்பனால் ஊற்றிப் படிய வைத்து, 70% எத்தனாலில் கழுவி உலர்த்துங்கள். குளோரோஃபார்ம் வேலை எல்லாம் ஆவியை வெளியே இழுக்கும் பெட்டிக்குள் (ஃபியூம் ஹூட்), கையுறையோடு. குளிருது என்று ஜன்னலை அடைத்துவிட்டு மேசை மேல் செய்ய வேண்டாம்.

ஊட்டியில் இங்கே மூன்று இடத்தில் மாட்டிக்கொள்வார்கள்.

முதலாவது, சிடிஏபி சுமார் 15 டிகிரிக்குக் கீழே வெள்ளையாகப் படிந்துவிடும். ஜனவரிக் காலையில் நம் அறை அதைவிடக் குளிர். பாட்டிலின் அடியில் எல்லாம் தங்கியிருக்க, மேலே இருக்கும் வெறும் உப்புத் தண்ணீரை எடுத்து ஊற்றிவிட்டு, டிஎன்ஏ வரவில்லை என்று மூன்று நாள் தேடுவார்கள். எடுப்பதற்கு முன் 60 டிகிரியில் வைத்துத் தெளிய விடுங்கள், குலுக்கிப் பாருங்கள், குளோரோஃபார்ம் சுழற்றும்போதும் இயந்திரத்தின் குளிரூட்டலைப் போடாதீர்கள்.

இரண்டாவது, இங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். "95 டிகிரி நீர்த்தொட்டியில் 10 நிமிடம்" என்று எந்தக் குறிப்பில் இருந்தாலும் அது இங்கே நடக்காது, எவ்வளவு தீயை ஏற்றினாலும் சரி. உலோகக் கட்டிச் சூடேற்றியில் வையுங்கள்.

மூன்றாவது, நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ். முள் 15 பவுண்டு காட்டினால் 121 டிகிரி என்பது கடல்மட்டக் கணக்கு. வெளிக்காற்று அழுத்தம் குறைந்த இடத்தில் அதே வெப்பத்துக்கு முள் 18, 19 வரை போக வேண்டும். உங்கள் கருவி அந்த அழுத்தத்துக்குத் தகுதியானதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அழுத்தத்தை ஏற்றாமல் நேரத்தைக் கூட்டுங்கள்.

படிந்தது ஜெல்லி மாதிரி கண்ணாடியாக நின்றால் அது கோழை. சந்தோஷப்படாமல் அதிக உப்புக் கரைசலில் கரைத்துக் குளோரோஃபார்ம் படியை இன்னொரு முறை செய்யுங்கள். கடல் நத்தைகளை வீணாக்குவதற்கு முன், தோட்டத்தில் காரட் இலைக்கு அடியில் கிடைக்கும் சாதாரண நத்தையில் நான்கு முறை பழகிக்கொள்ளச் சொல்வேன். அதன் கோழை இன்னும் மோசம், அதில் கை பழகினால் நெரிட்டா எளிது.

7. பிசிஆர்

முதல் மரபணு சிஓஐ, மைட்டோகாண்ட்ரியாவில் இருப்பது. 1994-இல் வெளிவந்த எல்சிஓ1490, எச்சிஓ2198 என்ற பிரைமர் இணை (நகலெடுக்க வேண்டிய பகுதியின் இரு முனையிலும் ஒட்டும் குட்டி டிஎன்ஏ துண்டுகள்) இன்றைக்கும் போதும். பிரைமரைக் கழித்தால் 658 எழுத்து கிடைக்கும். 94 டிகிரியில் தொடங்கி, ஒட்டும் வெப்பத்தை 45 முதல் 50-க்குள் வைத்து, 35 சுற்று.

பிசிஆர் முடிந்து ஜெல்லில் ஓட்டிப் பார்க்கும்போது டிஎன்ஏ பட்டை வரவில்லை என்றால் புதியவர்கள் டிஎன்ஏவை இன்னும் அதிகமாகச் சேர்க்கிறார்கள். அது நேர் எதிரான வேலை, டிஎன்ஏவோடு கோழையையும் சேர்த்துத்தான் ஊற்றுகிறீர்கள். பத்தில் ஒன்றாக, ஐம்பதில் ஒன்றாக நீர்க்கச் செய்து பாருங்கள், கொஞ்சம் பிஎஸ்ஏ புரதம் சேருங்கள். எங்கள் கையில் தோற்ற மாதிரிகளில் பெரும்பகுதி இந்த இரண்டிலேயே சரியாகிவிட்டன.

டிஎன்ஏ இல்லாத வெற்றுக் குழாய் ஒன்று ஒவ்வொரு முறையும் ஓட வேண்டும். அதில் பட்டை வந்தால் அன்றைய வேலை அத்தனையையும் தூக்கிப் போடுங்கள்.

ஜூன், ஜூலைக் காற்றில் மரம் விழுந்து மின்சாரம் போவது இங்கே வழக்கம், யுபிஎஸ் இல்லாமல் இரண்டு மணி நேர ஓட்டத்தை ஆரம்பிக்காதீர்கள்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வரிசைக்கு அனுப்ப வேண்டாம். வடிவத்துக்கு இரண்டு அனுப்புங்கள், சரியாக வந்தால் மீதி.

8. வரிசை வந்ததும்

எழுத்துக் கோப்பை மட்டும் வாங்கிக்கொள்ளாமல் அலை வரைபடக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். முன்னும் பின்னும் கலங்கலாக இருக்கும் பகுதியை வெட்டி, இரண்டு திசை வரிசையையும் ஒப்பிட்டுப் படியுங்கள். மெகா போன்ற இலவச மென்பொருள் போதும்.

அடுத்து புரதமாக மாற்றிப் பாருங்கள். முதுகெலும்பில்லாதவற்றின் மைட்டோகாண்ட்ரியக் குறியீடு, அட்டவணை 5, அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தவறான அட்டவணையில் போட்டால் நல்ல வரிசையும் நடுவில் நிற்கும். சரியான அட்டவணையிலும் நடுவில் நிறுத்தக் குறி வந்தால், அது உட்கருவுக்குள் ஒட்டிக்கொண்ட, சிஓஐயின் பழைய போலி நகலாக இருக்கலாம். அதை வைத்து மரபு உறவு மரம் வரைந்தால் இல்லாத சிற்றினம் ஒன்று முளைக்கும்.

வரிசையைப் பொதுத் தரவுத்தளத்தோடு ஒப்பிடும் பிளாஸ்டில் தேடிப் பாருங்கள், ஆனால் மேலே வந்த பெயரை அப்படியே எழுதாதீர்கள். அந்தப் பெயரை வைத்தவரும் ஓட்டைப் பார்த்துத்தான் வைத்திருப்பார். ஓட்டை நம்ப முடியவில்லை என்றுதானே நாம் இந்த வேலைக்கே வந்தோம்.

9. எத்தனை சிற்றினம் என்று முடிவு செய்வது

மரம் இரண்டாகப் பிரிந்ததும் "இரண்டு சிற்றினம்" என்று எழுதிவிடத் தோன்றும். பொறுங்கள்.

வித்தியாசம் 3 சதவீதத்தைத் தாண்டினால் வேறு சிற்றினம் என்று ஒரு பேச்சு உண்டு. 2005-இல் சோழிகளில் 2,000-க்கும் மேற்பட்ட வரிசைகளை வைத்துச் செய்த ஆய்வு, அப்படி ஒரு பொதுக் கோடு கடல் நத்தைகளில் நம்பகமாக வேலை செய்யாது என்று காட்டியது. சிற்றினத்துக்கு உள்ளே இருக்கும் வித்தியாசமும் சிற்றினங்களுக்கு இடையே இருக்கும் வித்தியாசமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. ஏஎஸ்ஏபி, பிபிடிபி போன்ற நிரல்களில் போட்டுப் பாருங்கள், அவை தரும் குழுக்களை ஒரு கருத்தாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சிஓஐ தாய் வழியாக மட்டும் வருகிறது. எப்போதோ நடந்த ஒரு கலப்பில் ஒரு சிற்றினத்தின் மைட்டோகாண்ட்ரியா இன்னொன்றுக்குள் போயிருந்தால், இரண்டு சிற்றினம் ஒன்றாகத் தெரியும். பழைய கிளை ஒன்று ஒரே சிற்றினத்துக்குள் தங்கியிருந்தால் ஒன்று இரண்டாகத் தெரியும். அதனால் உட்கருவிலிருந்து குறைந்தது ஒரு மரபணு வேண்டும். 28எஸ் என்ற உட்கரு மரபணு மெதுவாக மாறும், நெருங்கிய உறவுகளில் எதுவும் சொல்லாது. மரபணுவுக்குள் இருந்தும் புரதமாக மாறாத ஓர் இன்ட்ரான் பகுதியை எடுத்தால் வேறுபாடு தெரிய வாய்ப்பு அதிகம். இங்கே அலை வரைபடத்தில் ஒரே இடத்தில் இரண்டு அலை தெரிந்தால் அது பிழை என்று அழித்துவிடாதீர்கள், தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று வந்திருக்கலாம்.

இப்போது அந்த ஒரே பாறை 40 நத்தைகளுக்கு வருவோம். உட்கரு மரபணுவில் ஒரு வடிவத்தின் 20-ம் ஒரு வகையை மட்டும், மற்ற வடிவத்தின் 20-ம் மற்ற வகையை மட்டும் வைத்திருக்கின்றன என்று கொள்வோம். தாறுமாறாகக் கூடியிருந்தால் 40-இல் சுமார் 20 நத்தைகளிடம் இரண்டு வகையும் கலந்து இருந்திருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை. அவை கூடவில்லை. சிஓஐயும் அதே இரண்டு குழுவைக் காட்டினால் இரண்டு சிற்றினம் என்று தைரியமாக எழுதலாம். 3-ஆம் பகுதியில் அவ்வளவு வற்புறுத்தியது இந்தக் கணக்கைப் போடுவதற்காகத்தான். வேறு வேறு ஊர் நத்தைகளில் இது செல்லாது.

இரண்டு மரபணுவிலும் எல்லாம் கலந்தே கிடந்தால் ஒரே சிற்றினம் என்பதுதான் நியாயமான முடிவு. ஆனால் "வடிவ வேறுபாட்டுக்கு மரபுக் காரணமே இல்லை" என்று எழுதிவிடாதீர்கள். லிட்டோரினா சாக்சடிலிஸின் அலை வடிவமும் நண்டு வடிவமும் ஒரே சிற்றினம்தான். இருந்தும் முழு மரபணுத் தொகுதியைப் பார்த்தபோது, குரோமோசோம்களில் தலைகீழாகத் திரும்பிய சில துண்டுகளில் இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தது. சிஓஐயும் ஓர் இன்ட்ரானும் அதைப் பார்க்கவே முடியாது.

10. ஓட்டுக்குத் திரும்புங்கள்

1-ஆம் பகுதியில் சொன்ன இரண்டு பேரும் வடிவம் பார்த்துப் பிரித்த குழுக்களை இப்போது டிஎன்ஏ குழுக்களோடு வைத்துப் பாருங்கள். நிறம் பெரும்பாலும் காலை வாரிவிடும். வாய் மூடியில் இருக்கும் புள்ளிகள், வாய்க்கரையின் பற்கள், ராடுலா என்கிற நாக்குப் பட்டை, இவற்றில் ஏதாவது ஒன்று டிஎன்ஏவோடு ஒத்துப்போகிறதா என்று தேடுங்கள். கிடைத்தால் அடுத்த முறை கரையில் நிற்பவர் டிஎன்ஏ இல்லாமலே பிரித்துவிடலாம். இந்த ஒரு நாள் வேலையைப் பலர் செய்வதே இல்லை, அது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

புதுச் சிற்றினம் போலத் தெரிந்தாலும் புதுப் பெயர் வைக்க அவசரப்படாதீர்கள். இவ்வளவு உருவம் மாறும் நத்தைக்கு யாரோ ஏற்கனவே பெயர் வைத்திருக்க வாய்ப்பு அதிகம். பழைய பெயர்களின் மூல மாதிரி ஓடுகளோடு ஒப்பிட வேண்டும்.

வரிசைகளை ஜென்பேங்க் என்ற பொதுத் தரவுத்தளத்தில் போடும்போது ஒவ்வொன்றிலும் ஓட்டின் எண், இடம், தேதி மூன்றையும் சேருங்கள். ஓட்டை ஓர் அருங்காட்சியகத் தொகுப்பில் ஒப்படையுங்கள், மேசை இழுப்பறையில் வைக்காதீர்கள். மீதித் திசுக்குழாய்களை ஆறு மாதத்துக்கு ஒரு முறை எடுத்து எத்தனால் மட்டத்தைப் பாருங்கள். குறைந்திருந்தால் நிரப்பி, உள்ளே இருக்கும் பென்சில் எண் படிக்கத் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மூடுங்கள்.